காற்று தள்ளிய பூட்ஸ்

நைரி டாக்கெட்டுக்குப் பால் லாரி ஓட்டுவதுதான் தொழில். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் ரப்பர் பூட்ஸ் எறிந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். ஈஸ்டர் விழாதோறும் ரப்பர் பூட்ஸை யார் அதிக தூரம் எறிவது என்று அங்கே போட்டி நடக்கும். ஒரு வருடம் அவள் எறிந்த பூட்ஸ் மைதானத்தையே தாண்டி ஐஸ்கிரீம் கூடாரத்தின் மேல் போய் விழுந்தது. எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் எறிந்ததில்லை.

ஒரே சிக்கல், அன்று பின்னாலிருந்து பலத்த காற்று. நடுவர் டெஸ்மண்ட், அவளோடு பள்ளியில் படித்தவர்தான், காற்று தள்ளிய எறிதல் சாதனையாகாது என்ற விதியை விடவில்லை. கிளப் பலகையில் அவள் பெயருக்கு எதிரே 'அதிகாரப்பூர்வமற்றது' என்று எழுதிவிட்டார். முறையான சாதனை பழைய வீராங்கனை லோர்னாவின் பேரிலேயே நின்றது.

அந்த ஒரு சொல் நைரியைப் படாதபாடு படுத்தியது. இறைச்சி பஃப்ஸ் வாங்கப் போனால் கடைக்காரர், "காசாவது அஃபிஷியலா இருக்கட்டும்மா" என்பார். அவளும் சிரித்துவைப்பாள். சாயங்காலம் மாடுகளுக்கு நடுவே நின்று எறிந்து பழகுவாள். மாடுகளுக்கும் பழகிப்போனது.

இந்த வருடம் இலைகூட அசையவில்லை. சாசேஜ் சுடும் புகை நேராக மேலே போனது. டெஸ்மண்ட் காற்றை அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நைரி எறிந்தாள். பூட்ஸ் கூடாரத்துக்கு வெகு தூரம் முன்பே விழுந்தது, ஆனாலும் லோர்னாவின் தூரத்தைத் தாண்டியிருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

டெஸ்மண்ட் பெயின்ட் டப்பாவோடு பலகைக்கு வந்தார். ஆளுக்கு ஒரு வரிதான், அவளுடைய பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதப் போவதாகச் சொன்னார்.

நைரி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் இதற்காகத்தானே தோள் வலிக்க எறிந்தாள்?

"டெஸ், பழசே இருக்கட்டும்."

"அது செல்லாது, நைரி. அப்புறம் சாதனை லோர்னா பேர்லயேதான் நிக்கும்."

"செல்லாட்டி போகுது. கூடாரத்து மேல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. நானும்தான் பாத்தேன்."

"அப்போ அத ஏன் அழிக்கணும்? இன்னிக்கு எறிஞ்சது அவ்ளோ ஒண்ணும் பெருசில்ல."

டெஸ்மண்ட் டப்பாவை மூடினார். பின்னால் நின்ற லோர்னா மூக்கைச் சுருக்கினாள்.

"பைத்தியக்காரி. சாதனைய உனக்கு விட்டுக்குடுக்கலாம்னு நல்ல சட்டைய வேற போட்டுட்டு வந்தேன். வா, வந்து ஒரு பீர் குடி."

இருவரும் மதுக்கடைப் பக்கம் நடந்தார்கள்.