ஷம்ரா மிஸி கேட்ட கேள்வி

பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஜௌபரின் இரண்டாவது மகள் ஷம்ரா. அந்தக் குடும்பத்தில் ஓ.எல். பரீட்சை தாண்டிய முதல் ஆள் அவள்தான். தாதிப் பயிற்சி முடித்துப் பதினான்கு வருடமாகிறது. பெரியாஸ்பத்திரியின் தாடை வார்டில் நான்கு வருடம் இருந்துவிட்டு, மடுல்சீமைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஏழு மணி வேலைக்கு ஆறே முக்காலுக்கே நிற்பாள். தாதியை மிஸி என்று கூப்பிடும் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அவளை ஷம்ரா மிஸி என்பார்கள்.

ஒரு பிழையை மட்டும் அவளால் மறக்க முடிந்ததில்லை. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பெண், படியில் விழுந்ததாகச் சொன்னாள். ஷம்ரா அதை அப்படியே எழுதி, புருஷனோடு அனுப்பி வைத்தாள். நாற்பதாவது நாள் அதே பெண்ணை இரண்டு விலா எலும்பு உடைந்து தூக்கி வந்தார்கள். அன்று முதல், காயத்தோடு ஒரு பெண்ணும் பக்கத்தில் புருஷனுமாக வந்து நின்றால் ஷம்ரா புருஷனை முதலில் வெளியே அனுப்புவாள்.

சென்ற ஜனவரியில், மழை விடாத ஒரு ஞாயிறு பிற்பகல், விஜயலெட்சுமியை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். முப்பத்து நான்கு வயது, கொழுந்து பறிப்பவள். உதடு வெளுத்திருந்தது. மணிக்கட்டு இரண்டிலும் சிவப்புத் தடம். புருஷன் புவனேந்திரன், தேயிலை பெக்டரியில் வேலை செய்பவன், வெறுங்காலோடு நின்றான். அவர்கள் இருக்கும் லயத்தில், அந்த வரிசை வீட்டில், பக்கத்து அறையான பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெரியாயியும் கூடவே வந்திருந்தாள்.

"கையக் கட்டிப்போட்டு, வாயில துணிய அடச்சுக் கொல்லப் பாத்தான் மிஸி. நான் கண்ணால பாத்தேன். பொலீசக் கூப்பிடுங்க" என்றாள் பெரியாயி.

டொக்டர் பரிசோதித்து ஒட்சிசன் வைத்தார். ஆபத்து நீங்கிவிட்டது. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். விஜயலெட்சுமியோடு பேசிப் பார்த்து, பொலீசுக்கு அறிவிக்க வேண்டுமா என்று சொல்லும்படி ஷம்ராவிடம் விட்டார். தப்பாகச் சொன்னால் ஒன்று குற்றமில்லாதவன் உள்ளே போவான், அல்லது இவள் மறுபடியும் அந்தக் காம்பராவுக்கே போவாள்.

ஷம்ரா மற்ற இருவரையும் வெளியே அனுப்பித் திரையை இழுத்தாள். இங்கே சொல்வது டொக்டரைத் தவிர யார் காதுக்கும் போகாது என்றாள். விஜயலெட்சுமி கரகரத்த குரலில் சொல்லத் தொடங்கினாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளைகள் இல்லை. அவள் கையைக் கட்டிப்போட்டுக் கிச்சுகிச்சு மூட்டி விளையாடுவது இருவருக்கும் பிடித்த விஷயம். முதலில் கேட்டது அவள்தான். ஆனால் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. இந்தக் கோடியில் சிரித்தால் அந்தக் கோடியில் கேட்கும். சத்தம் போகாமலிருக்கத்தான் வாயில் துணி. அதுவும் அவள் எடுத்துக் கொடுத்த துணிதான்.

ஷம்ராவுக்குக் காது சூடானது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"வாயில துணி இருக்கு. போதும்னு நீ எப்படிச் சொல்லுவ? அவருக்கு எப்படித் தெரியும்?"

"காலை ஒதைப்பேன் மிஸி."

"கிச்சுகிச்சு மூட்டினாலும் ஒதைப்பதானே?"

"ஆமா மிஸி" என்றாள் விஜயலெட்சுமி. கண்ணில் நீர் கட்டியது. "நேத்துலருந்து தடிமல் வேற மிஸி. மூக்கு ரெண்டும் அடச்சிருந்திச்சு" என்றாள்.

ஷம்ரா புவனேந்திரனைத் தனியாக மருந்தறைக்கு அழைத்தாள். கேட்பதற்கு முன்பே அவன் சொன்னான்: "நான் அடிச்சேன்னே எழுதிக்கங்க மிஸி."

ஷம்ரா பேனாவை மேசையில் வைத்தாள். ஏன் அப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள்.

"பொஞ்சாதிய அடிச்சேன்னா லயத்துல ரெண்டு நாள் பேசுவாங்க, விட்டுருவாங்க. இது தெரிஞ்சா அவ சாகுற வரைக்கும் சிரிப்பாங்க."

ஷம்ரா, போதும் என்பது எப்படித் தெரியும் என்று அவனிடமும் கேட்டாள். அவனும் உதைப்பதைத்தான் சொன்னான். அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தானாம். அவள் கை தளர்ந்ததும்தான் துணியை இழுத்துப் போட்டுக் கூச்சலிட்டிருக்கிறான். பெரியாயி ஓடி வந்து கட்டிய கையையும் கீழே கிடந்த துணியையும் பார்த்தது அவன் கூச்சலைக் கேட்டுத்தான். இரண்டு பேச்சும் ஒத்துப்போயின. முன்கூட்டியே பேசி வைத்திருந்தாலும் ஒத்துப்போகும் என்று ஷம்ராவின் மனம் முணுமுணுத்தது. ஆனால் அப்படிப் பேசி வைத்தவன், அடித்தேன் என்று எழுதச் சொல்லியிருக்க மாட்டான்.

இருவரையும் சேர்த்து உட்கார வைத்தாள். தாடை வார்டில் தாடை உடைந்து வாயைக் கம்பியால் கட்டிய நோயாளிகளின் கையில் ஒரு மணி கொடுத்திருப்பார்கள், மூச்சு முட்டினால் உடனே வெட்ட, கட்டிலருகே கம்பி வெட்டும் குறடு தொங்கும் என்று சொன்னாள். வாய் பேச முடியாதவருக்குக் கைதான் வாய்.

"துணிய வாய்க்குள்ள அடைக்கவே கூடாது. கட்டுறதுன்னா வெளியால, லேசா, மூக்குல படாம. தடிமல் இருந்தா அதுவும் வேணாம். விஜயலெட்சுமி, நீ கையில ஒரு சாவிக்கொத்து புடிச்சுக்க. அது விழுந்தா அந்த நிமிஷமே எல்லாத்தையும் அவுக்கணும். 'இன்னும் கொஞ்சம்'ங்கிற பேச்சே கிடையாது. கத்திரிக்கோல் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். நீங்க கண்ண அவ மூஞ்சியிலருந்து எடுக்கவே கூடாது, வெளங்குதா?"

புவனேந்திரன் தலையைக் குனிந்தபடியே ஆட்டினான். "இனி இந்த விளையாட்டே வேணாம் மிஸி."

ஷம்ரா டொக்டரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் துணியால் மூச்சடைப்பு, தற்செயல் என்று எழுதினார், பொலீசுக்கு அறிவிக்கவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பும்போது, வெள்ளனவே வந்து வாசலில் காத்திருந்த பெரியாயி புவனேந்திரனைப் பார்த்துக் காறித் துப்பினாள். விஜயலெட்சுமி அவனைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"அக்கா, அவரு என்னைய அடிக்கல. நாங்க வெளையாடிக்கிட்டு இருந்தோம். நான்தான் கேட்டேன்."

பெரியாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வெளையாட்டா? இதுக்கு அவன் அடிச்சிருந்தாலே தேவல" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

வியாழக்கிழமை தனியாக வரச் சொல்லியிருந்தாள் ஷம்ரா. விஜயலெட்சுமி வந்தாள். ஷம்ரா தொண்டையைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள், முதுகையும் பார்த்தாள். புதிதாக எந்தத் தடமும் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் இவளைக் கண்டதும் வாயைப் பொத்திக் காட்டிச் சிரிக்கிறார்களாம். அதைத் தாங்கிக்கொள்வேன் என்றாள்.

"அவருதான் மிஸி. என் பக்கத்துல வரவே பயப்படுறாரு. தேத்தண்ணி குடுத்தாக்கூட, விரல் படாம வாங்குறாரு."

அதற்கு ஷம்ராவிடம் மருந்து இருக்கவில்லை. அடுத்த வியாழன் அவரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி, அட்டையில் திகதியைத் தெளிவாக எழுதிக் கொடுத்தாள்.