முகமா, குரலா?

பக்கத்து அறைக்காரரை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கஞ்சிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது அவர் வேலை. சட்டைக் காலர் எப்போதும் விறைப்பாக நிற்கும். ஆள் மட்டும் அப்படியில்லை. மனைவியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை விசாரித்தால் போதும், கண் கலங்கிவிடும்.

மனைவி கடல் கடந்து, எழுந்து நடமாட முடியாத ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஜன்னல் வைத்த சொந்த வீடு ஒன்று வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து எடுத்த முடிவு அது. பெரியவர் கண்ணயர்ந்தால்தான் அவளுக்குப் போன் கைக்கு வரும். இங்கே அது சாயங்கால நேரம். இவர் வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்து கதவைச் சாத்துவார். அங்கேதான் வில்லங்கம்.

அவர் அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு மின்விசிறி, அதன் வயிற்றிலேயே ஒரு விளக்கு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். விளக்கைப் போட்டால் விசிறியும் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. தகரத்தின் மேல் கல்லை உருட்டிவிட்டதுபோல் கடகடக்கும். ரெகுலேட்டர் பேருக்குத்தான், எதில் வைத்தாலும் அதே ஆட்டம். எண்ணெய் விட்டுப் பார்த்தார். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, பிறகு சேர்த்து வைத்துக் கத்தியது.

ஆக, வெளிச்சம் இருந்தால் பேச்சு கேட்காது. பேச்சு கேட்க வேண்டுமானால் இவர் இருட்டில் உட்கார வேண்டும், அவளுக்கு முகம் தெரியாது. ஒரு மேஜை விளக்கு வாங்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கினார். அது கீழிருந்து அடித்த வெளிச்சத்தில் கண்ணெல்லாம் குழி விழுந்து தெரிய, அவள் "என்னங்க, உடம்புக்கு என்ன? எதையாவது மறைக்கிறீங்களா?" என்று அழுத அழுகையில் அந்த விளக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. வெளியே தாழ்வாரத்தில் நின்று பேசலாம்தான். ஆனால் அங்கே எட்டுக் குடித்தனத்தின் காதும் வரிசையில் நிற்கும்.

என் காதைச் சேர்க்காதீர்கள். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் ஒட்டுக்கேட்கவில்லை, என் காது என் வீட்டில்தான் இருந்தது.

தினமும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான். "முகமா, குரலா?"

குரல் என்றால் இருட்டில் பேச்சு நடக்கும். முகம் என்றால் சுவிட்ச் விழும், கடகட ஆரம்பிக்கும், சைகையிலேயே குடும்பம் நடத்துவார்கள். இவர் சிரிப்பது மட்டும் விசிறியை மீறி எனக்குக் கேட்கும். ஒரு தடவை சலவைக்கூடத்தில் கொதிநீராவி அடித்து இவர் கன்னம் வெந்துபோனபோது, ஆறுகிற வரைக்கும் "குரலே போதும்மா, வெளிச்சம் பட்டா தலை வலிக்குது" என்று ஓட்டிவிட்டார். பலே ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒப்பந்தம் முடிகிற காலம் நெருங்கியது. கஞ்சிக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. அறைக்கு வெள்ளையடித்தார், புதுத் தலையணை வாங்கினார், அதற்கு உறை தைக்கத் துணியை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா, இப்பெல்லாம் அவ தினமும் முகம்தான் கேக்கறா. என்னைப் பாத்துக்கிட்டே இருக்கணும் போல."

"ஆமாமா, பெரிய மன்மதன்" என்றேன். சொன்னேனே தவிர எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. முகத்தை மறைக்கக் குரல் கேட்டவர் இவர். குரலை மறைக்க அவள் முகம் கேட்கமாட்டாளா? இது அவருக்குத் தோன்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நாளாக ஆக அவருக்கே தாங்கவில்லை. "அவ குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாச்சுக்கா. காது ஏங்குது" என்றார். நேரே போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். "கீழேர்ந்து மேல ஃபேனுக்கும் லைட்டுக்கும் சேத்து ஒரே ஒயர்தான் போகுது. தனியா ஒண்ணு இழுக்கணும்னா சுவத்தை உடைக்கணும்."

"உடைச்சா வீட்டுக்காரர் என்னை உடைச்சிடுவார்."

"அப்ப ரிமோட்தான்." விசிறி தொங்குகிற இடத்திலிருந்த கிண்ணத்துக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்து மூடினார். விளக்குக்கு ஒரு பொத்தான், விசிறிக்கு ஒரு பொத்தான். "சுவர் சுவிட்ச் எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் கஞ்சிக்காரர் செருப்புக்கூடப் போடாமல் துரத்திக்கொண்டு ஓடினார், ரிமோட் வேலை செய்யவில்லை என்று. திரும்பி வந்து பார்த்தால், பழக்க தோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறார். எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், கஞ்சிக்காரரும் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. அவள் வழக்கம்போல, "முகம்" என்றாள்.

"இன்னிக்கு ரெண்டும்" என்றார்.

பலகைத் தடுப்பின் இடுக்கில் வெளிச்சம் வந்தது. விசிறி ஓடவில்லை. எனக்கே அந்த அமைதி புதிதாக இருந்தது.

"ஃபேன் ஓடலையா?"

"ஓடல. ரெண்டையும் பிரிச்சாச்சு. நீ மூச்சு விடறதுகூட இனிமே கேக்கும். பேசும்மா."

அவள் ஏதோ ஆரம்பித்தாள், குரலே காட்டிக்கொடுத்தது. இரண்டாவது தடவைதான் வார்த்தை வந்தது.

"பெரியவர் வீட்ல இன்னும் இருக்கச் சொன்னாங்க. நான் கையெழுத்து போட்டுட்டேங்க. இன்னும் ரெண்டு வருஷம்."

"எப்ப போட்டே?"

"முகம் முகம்னு கேக்க ஆரம்பிச்சேனே, அப்ப."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிறகு இடுக்கில் வெளிச்சம் போயிற்று. உடனே விசிறி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அந்த அறையில் இதுவரை விசிறி இருட்டில் ஓடியதே இல்லை. இனி முகமும் கிடையாது, குரலும் கிடையாது. கோபத்தில் போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தினேன். கண் வீங்கியிருந்தது.

"தம்பி, அப்புறம் அவகிட்ட என்னதான் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா. நான் அழறதை அவ பாக்கவும் வேண்டாம், கேக்கவும் வேண்டாம்னு நினைச்சேன்" என்றார். காலரை நீவி விட்டுக்கொண்டார். "ஆனா அங்க பெரியவர் கண் முழிக்கற வரைக்கும் அவளும் போனை வைக்கல, நானும் வைக்கல."