லீவு போட்ட கஸ்தூரி அக்கா

கஸ்தூரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த முருகேசன் அதைப் படித்து "ஐயோ" என்றான். சொல்லிவிட்டு, வாயைக்கூட மூடாமல் என் தட்டின் மேலேயே இருமினான். சோற்றை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன்.

மறுநாள் கேன்டீனிலேயே இரங்கல் கூட்டம். "இருபது வருஷத்தில் ஒருநாள்கூட லீவு போடாதவர்" என்று மேலாளர் மைக்கில் உருகினார். நாம் எல்லோரும் தலையாட்டினோம். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது பச்சைப் பொய் என்று தெரியும். சளி, ஜுரம் என்றால் அக்கா முதல் நாளே லீவு போட்டுவிடுவார். ஒருநாளும் லீவு போடாதவருக்கு வருஷா வருஷம் கொடுக்கும் முழு வருகைக் கேடயம் அவருக்கு ஒரு வருஷமும் கிடைத்ததில்லை.

மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலையில் நம் சோதனை அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருவிகளுக்காக எப்போதும் ஏசி. ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஒருவர் தும்மினால் ஆறு பேரும் அந்தக் காற்றைத்தான் இழுக்க வேண்டும். ஒருமுறை முருகேசன் உள்ளங்கையில் தும்மி, பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, அதே கையால் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை நீட்டினான். அக்கா வாங்கவில்லை.

"கருமம்! மூக்கு ஒயுவிகினு கீது, இங்க இன்னா வேல உனுக்கு? ஊட்டுக்குப் போ."

"டாக்டரு ஆன்டிபயாடிக் குட்த்துகிறாருக்கா. ஊசியும் போட்டாச்சு."

"இது வைரஸு நைனா, அந்த மாத்திரைக்கு இது கேக்காது. ஜுரத்துக்கு மட்டும் மாத்திர போடு, கஞ்சி குடி, படு. மூச்சு வாங்குச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடு."

அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஃப்ளூ நுரையீரல்வரை இறங்கி, பத்து நாள் ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே டாக்டரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. நாமோ அவருக்கு 'சளி இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்து, டீக்கடையில் அவர் குரலில் பேசிச் சிரித்தோம். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

இந்த வருஷம் கேடயம் எனக்கு வர வேண்டியது. கடைசி மாதத்தில் எனக்குத் தொண்டை எரிந்தது, உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலி, நல்ல ஜுரம். "மாத்திர போட்டா சூடுதான் எறங்கும், வைரஸு எங்கயும் போவாது" என்று அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாராசிட்டமால் விழுங்கிக்கொண்டு மூன்று நாள் அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இருமல் வந்தால் கழிப்பறைக்கு ஓடினேன்.

"கண்ணு செவந்து கீதே, இன்னாடா?"

"நேத்து தூக்கமில்லக்கா."

நம்பிவிட்டார்.

நான்காம் நாள் அக்கா வரவில்லை. ஜுரம், லீவு என்றார்கள். பிறகு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி, நிமோனியா. இரங்கல் கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில், அதே கேன்டீனில், அதே மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். நான் கைநீட்டி வாங்கினேன், நீங்கள் கைதட்டினீர்கள். முருகேசன் தும்மிய கையைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். அவனாவது எல்லோர் கண்ணெதிரே தும்மினான். என்னிடமிருந்துதான் ஒட்டியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சாக்கு கேடயத்தைவிட அசிங்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"பக்கத்துலயே குந்திகினு இருந்தியே நைனா... என்னாண்ட இருந்து உனுக்கு ஒண்ணும் ஒட்டிக்கலியே?"

"இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவரிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான்.