தோசைக்கல் நாச்சியின் மரணம்

கனகலிங்கத்துக்குக் கற்பனையாக ஒரு முகம் வரைய வராது. பொதுப்பணி இலாகாவில் சாக்கடைக்கும் மதகுக்கும் பிளான் போடுகிறவன். கண்ணால் பார்த்ததைத்தான் வரைவான், அளவு பிசகாமல் வரைவான். அப்படிப்பட்டவன் எண்பதுகளின் தொடக்கத்தில், செந்தூலில் அச்சான ஒரு வாரப் பத்திரிகைக்குப் படக்கதை போட ஒப்புக்கொண்டான். அவதிப்பட்டது பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருக்காரர்கள்.

கதை பெரிய கதையெல்லாம் இல்லை. வேற்றுக்கிரகத்தார் காப்பார் கடற்கரைச் சேற்றில் வந்து இறங்குவார்கள். சிமெண்டுக் குழாய்க்குக் கை கால் முளைத்தது போல் இருப்பார்கள். அவன் கைக்குப் பழகியது அதுதான். அவர்களை விரட்ட ஒரு வீரர் படை வேண்டும். முகத்துக்கு எங்கே போவான்? எங்களை எடுத்துக்கொண்டான். தெருமுனையில் தோசைக்கடை போட்டிருந்த இராஜம்மா அக்கா, தோசைக்கல்லைக் கேடயமாக ஏந்தும் 'தோசைக்கல் நாச்சி' ஆனார். கிள்ளானுக்கு லோரி ஓட்டும் வேலாயுதம் பாலத்தைப் பெயர்த்து எறிந்தான். டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் மார்க்கிரட் டீச்சர் இங்கிலீஷில் ஓர் அதட்டுப் போட்டால் குழாய்கள் விரிசல் விட்டன.

நான் தம்பு, ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. அவனுக்கு அடுத்த வீடு. அவன் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்தவன். எனக்கு அவன் கொடுத்த சக்தி என்ன தெரியுமா? தும்மல். நான் தும்மினால் எதிரிகள் பறப்பார்களாம். வேலாயுதத்துக்குக்கூட ஒரு முகமூடி உண்டு, எனக்கு அதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஆபீசில் நான் கைக்குட்டையை எடுத்தாலே பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து ஓடினார்கள்.

இந்த நான்கு பேருக்கும் ஒத்தே வராது. நாச்சி சொல்வதை டீச்சர் கேட்கமாட்டார். வேலாயுதம் சண்டை நடுவே சாப்பிடப் போய்விடுவான். தெருவிலும் நாங்கள் அப்படித்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்துவிட்டால் எல்லாரும் அக்கா கடையில் கூடி, யாருடைய மூக்கைக் கோணலாகப் போட்டான் என்று சண்டை பிடிப்போம். கனகலிங்கத்துக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை குட்டி இல்லை. அந்த ஒரு பக்கம்தான் அவனுக்கு உலகம்.

ஆசிரியர் நாகையா ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, பத்திரிகை விற்பனை படுத்துவிட்டது, படையில் ஒருவர் செத்தாக வேண்டும், அதுவும் நாச்சிதான் சாகவேண்டும், இல்லாவிட்டால் படக்கதையை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சேதி தெருவுக்கு வந்தது. வேலாயுதம் முந்திக்கொண்டு, நாச்சிக்குப் பதில் தன்னைச் சாகடித்துவிடாதே என்று ஒரு கூடை நண்டு கொண்டுவந்து கொடுத்தான். நான் நேரே செந்தூலுக்கே போய், என்னைக் கொன்றுவிடுங்கள் என்று கேட்டேன். தும்மல்காரன் செத்தால் யார் அழுவார்கள் என்று என் முகத்துக்கு நேரே கேட்டார் அந்த மனுஷன்.

சிக்கல் என்னவென்றால், இராஜம்மா அக்காவுக்கு அப்போது வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தே தீரவேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அக்காவோ கத்தி என்றாலே நடுங்குகிறவர். முன்பே ஒருமுறை வார்டிலிருந்து தப்பி ஓடி வந்தவர். இந்தத் தடவை எப்படியோ சம்மதித்து ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்திருந்தார். பார்க்கப் போன கனகலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "தம்பி, படத்துல என்னைச் சாகடிச்சிடாதே. பேப்பர்ல வந்துட்டா அது நடந்துடும்லா. நான் அந்த மேசையிலேருந்து எழுந்திரிக்கமாட்டேன்."

அவன் வீட்டுக்கு வந்து தன்னையே வரைந்து கொன்றான். அதுவரை கதையில் தலையே காட்டாத கனகலிங்கம் திடீரென்று ஓடிவந்து, நாச்சிக்குக் குறுக்கே விழுந்து உயிரை விட்டான். அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் ஆட்களுக்குச் சாவு என்றால் பேப்பரில் கண்ணீர் அஞ்சலி வரவேண்டும், வராவிட்டால் செத்ததாகவே கணக்கில்லை. ஆகவே கடைசிக் கட்டத்தைக் கண்ணீர் அஞ்சலியாகவே போட்டான். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அச்சு அசலாக அவன் முகம். விலாசம் இல்லாமல் அஞ்சலி எப்படி என்று சொந்த வீட்டு விலாசத்தையும் எழுதினான். கீழே, ஆழ்ந்த துயரில் வாடுவோர் என்று எங்கள் நால்வர் பெயர். அச்சகத்தில் படக்கதைப் பக்கத்தில் இடம் போதவில்லை. பக்கம் கட்டியவர் கறுப்புக் கரையைப் பார்த்தார், அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி மரண அறிவித்தல் பக்கத்தில் சேர்த்துவிட்டார்.

ஞாயிறு காலையில் தெரு அடைத்துக்கொண்டது. கிள்ளானிலிருந்து அவன் பெரியம்மா கனகேஸ்வரி ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்தார். இலாகாவிலிருந்து மலர்வளையம் வந்தது. கனகலிங்கம் சாரத்தோடு உட்கார்ந்து பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் பெரியம்மா சந்தோஷப்படவில்லை. சாவு வீட்டுக்கென்று கிளம்பி வந்தாயிற்று, இனிக் குளிக்காமல் எப்படித் திரும்பிப் போவது என்று அவனைத்தான் ஏசினார். கடைசியில் அவன் வீட்டுக் குளியலறைக்கு முன்னால் வேன்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசை பாதிகூடக் குறையவில்லை, ஒரு டாக்சி வந்து நின்றது. ஆஸ்பத்திரிச் சட்டையோடு, அவிழ்ந்த தலையோடு இராஜம்மா அக்கா இறங்கினார். வார்டில் யாரோ பேப்பரைக் காட்டியிருக்கிறார்கள். "எனக்காகச் செத்தியா தம்பி" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடியவர், அவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிட்டு பிசைந்த கையோடு அவனும் எழுந்து நின்றான். இந்த அதிர்ச்சியில் அக்கா இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார், கட்டியோடுதான் போய்ச் சேருவார் என்று நினைத்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டார். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"பேப்பர்ல போட்டும் நீ சாவலியே."

"இல்லக்கா."

"உக்காந்து பிட்டு திங்கிறே."

"ஆமாக்கா."

"அப்ப பேப்பர்ல வந்தா ஒண்ணும் ஆவாது." நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார். "என்னையும் போடு. படுக்கையில வேணாம், சண்டையில போவணும். தோசைக்கல்லு கையில இருக்கணும். ஆனா ஆபரேஷன் முடியிறவரைக்கும் என்கிட்ட காட்டாதே."

அதே டாக்சியில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். ஓடிப்போனதற்குக் கோபித்துக்கொண்ட டாக்டர்கள் ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள். நாகையாவும் விடுவதாக இல்லை. யாரென்றே தெரியாத ஒருத்தன் செத்தது சாவில் சேராது, நாச்சி எங்கே என்று கேட்டார். கனகலிங்கம் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவே சொல்லியும் அவனுக்குக் கை வரவில்லை. வரைந்து முடித்த அன்று என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். தும்மலுக்காக நான் அவன்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

ஆபரேஷன் அன்று நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி நடையில் காத்திருந்தோம். மார்க்கிரட் டீச்சர் ஜெபமாலையை விடவேயில்லை. வேலாயுதம் சாப்பிடப் போகாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாயங்காலம் அக்காவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரொம்ப நேரம் கழித்துக் கண் திறந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கனகலிங்கத்தின் மேல் கண்ணை நிறுத்தினார்.

"நான் செத்துட்டேனா தம்பி?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"நேத்துப் பேப்பர்லேயே செத்துட்டீங்கக்கா," என்றான் அவன்.

"சண்டையிலதானே?"

"சண்டையிலதான்."

"யாராச்சும் அழுதாங்களா?"

கனகலிங்கம் பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அதற்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா கையை நீட்டி, அதை மெதுவாகக் கீழே இறக்கி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும்," என்றார்.