ஆக்லாந்துக்கு எம்புட்டு நேரம்

மதுரை விமான நிலையத்திலிருந்து முத்துலட்சுமியின் போன் வந்தபோது நான் சிவகாசி ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, பையைத் தொடச்ச துணிய மிஷின்ல வச்சாக. அது கத்துது. என்னைய உக்கார வச்சிட்டாக."

டிராவல்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருடம் டிக்கெட் போட்டவன் நான். எந்த ஊரைக் கேட்டாலும் தூரமும் நேரமும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. முத்துலட்சுமி ஏழாயிரம்பண்ணைக்காரர். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. மகள் நியூசிலாந்தில் நர்ஸ், தலைப்பிரசவம். மாமியார் கிடையாது. பெற்ற தாய்தான் துணைக்குப் போக வேண்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னால்தான் விசா கிடைத்தது.

"எம்புட்டு நேரம் ஆகும் அண்ணாச்சி?" என்று டிக்கெட் போடும்போது கேட்டார்.

"பதினோராயிரம் கிலோமீட்டர். சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம். அங்கன இருந்து ஆக்லாந்துக்குப் பத்து. நாளைக்கு ஏறுனா மறுநாள் மக வீட்டுல இருப்பீக" என்று பெருமையாகச் சொன்னேன்.

காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.

"பையில இருந்த சேலையில வெடிமருந்துத் தூள் இருக்கு. கம்பெனிக்குப் பேசி விசாரிச்சிட்டோம், இவங்க மேல தப்பில்ல. இந்தச் சேலைங்க மட்டும் வேண்டாம்."

மேசையில் நான்கு பழைய நூல் சேலைகள் கிடந்தன. பிறந்த குழந்தையைப் பழஞ்சேலையில் கிடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். வருடக்கணக்காக அவர் வேலைக்குக் கட்டிப்போன சேலைகள் அவை.

"நல்லாத்தான் தொவச்சேன் அண்ணாச்சி. எம்பிள்ள அங்கன ஒத்தையில கெடப்பாளே."

பட்டாசு ஊரில் உட்கார்ந்துகொண்டு, பையில் என்ன எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்காமல் விட்டது என் தப்பு. அதை அவரிடமே சொன்னேன்.

டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிவிட்டு, அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி அவரைத் தலைக்குக் குளிக்கவைத்தாள். அவருடைய பைக்குப் பதிலாக எங்கள் வீட்டுப் பெட்டியைக் கொடுத்து, அதில் தன் பழைய சேலைகள் இரண்டை மடித்து வைத்தாள். மறுநாள் மிஷின் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"பேத்தி பொறந்திருக்கா அண்ணாச்சி. வலி எடுத்ததுல இருந்து மக என் கைய விடவே இல்ல. உங்க வீட்டம்மா சேலையிலதான் பிள்ள ஒறங்குது."

டிக்கெட் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தூரத்தையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். என்ன வேலை பார்க்கிறார், எதற்குப் போகிறார், பையில் என்ன வைத்திருக்கிறார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் இப்போது தவறாமல் கேட்கிறேன். பட்டாசு வேலை, பிரசவத்துக்குப் பயணம் என்று பதில் வந்தால் என் வீட்டுக்கும் ஒரு போன் போடுகிறேன். என் மனைவியின் பீரோவில் இன்றைக்கு ஒரு பழஞ்சேலைகூட மிச்சமில்லை.