லாபியில் உட்கார வைத்த கேள்விகள்

1. ‘இல்லை’ என்று சொல்லாத கவுண்டர்

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் ஃப்ரண்ட் ஆபீசில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது, கெஸ்ட்டிடம் ‘இல்லை’ என்ற சொல்லே வரக் கூடாது என்பதுதான். ஏரியைப் பார்த்த ரூம் இல்லையா? தோட்டத்தைப் பார்த்த ரூம் இருக்கிறது என்று சொல். வெந்நீர் வரவில்லையா? வந்துகொண்டிருக்கிறது என்று சொல். வாசல் கேட்டே தெரியாத மூடுபனியில் ஒருவர் ஏரியைக் காட்டு என்று சண்டைக்கு வந்தார். பனி விலகியதும் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் சார் என்று அவரிடமும் சிரித்தேன். நான்கு வருடத்தில் இந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் என்னைக் கவிழ்க்கப் பார்த்ததும் அதுதான்.

வேலை பார்த்துக்கொண்டே அந்தத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். புத்தகம் எல்லாம் ஊர் முழுக்கக் கிடைக்கிறது. நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு மேலே உள்ள பதவிக்கு எம்.பி.ஏ. வேண்டும் என்றார்கள். சீசன் கூட்டத்தைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் வெளியூரிலிருந்து அசிஸ்டெண்ட் மேனேஜராக வந்து இறங்கி, எனக்கே செக்-இன் போடக் கற்றுக்கொடுத்தார். வயிறு எரிந்தது. பூம்பாறையில் பூண்டு போடுகிற வீடு எங்களுடையது; வேலையை விட்டுவிட்டு மதுரையில் தங்கிக் கோச்சிங் போக வழியில்லை. முதல் தடவை எழுதி ஊற்றிக்கொண்டது. இரண்டாவதும் போனால் இந்த ஆசையையே மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்புறம் காலம் முழுக்க அந்தக் கவுண்டரில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

2. லக்கேஜ் ரூமில் மாக் டெஸ்ட்

செக்-அவுட் கூட்டம் போய், செக்-இன் கூட்டம் வருவதற்குள் ஹோட்டல் கொஞ்சம் கண் அசரும். அந்த நேரத்தில் லக்கேஜ் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாக் டெஸ்ட் எழுதுவேன். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனி நேரம். தப்பாகப் போட்டால் மார்க் குறையும். தொடாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. ஆகவே எதை விடுவது என்று தெரிந்தவர்தான் தேறுவார்.

எனக்கு விட வரவில்லை. கஷ்டமான ஒரு கணக்கு வந்தால், பெட்டியோடு ஒருவர் கவுண்டர் முன்னால் வந்து நிற்பது போலவே இருக்கும். எப்படித் திருப்பி அனுப்புவது? கொஞ்சம் போட்டுப் பார்ப்பேன். வராது. சரி, அது இருக்கட்டும் என்று அடுத்ததைத் தொடுவேன். பிறகு முதல் கணக்கின் ஞாபகம் வந்து திரும்பி ஓடுவேன். நேரம் முடியும்போது பாதியில் நிற்கும் கணக்குகள்தான் மிஞ்சும். கடைசியில் இருந்த சுலபமான கேள்விகளைப் படித்தே இருக்க மாட்டேன்.

ஸ்கோர் ஏறவே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. நாயுடுபுரத்தில் என்னோடு ஒரே ரூமில் இருந்த ரெஜினா, அவளும் அதே கவுண்டர்தான், ஒரு நாள் பொறுக்காமல் கேட்டாள்: “ஒரு கணக்கோட ஏன்டி இப்பிடி மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்க? விட்டுத் தொலையேன்.” சொல்வது சுலபம்.

இதில் லீவு கவலை வேறு. தேர்வு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில். சனிக்கிழமை மதியமே மலை இறங்கியாக வேண்டும். எங்கள் மேனேஜர் சேவியர் சார் நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் ‘இல்லை’ என்று சொல்ல வராது. எப்போது லீவு கேட்டாலும் “பாக்கலாம்மா” என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்தே பாதிப் படிப்பு போனது.

3. வாக்

ரூமுக்கு மேல் புக்கிங் ஆகிவிட்டால், வந்த கெஸ்ட்டை வேறு ஹோட்டலுக்கு அனுப்புவதை எங்கள் தொழிலில் ‘வாக்’ பண்ணுவது என்போம். நம் செலவில் வண்டி, அங்கே ரூம், கையில் ஒரு பழக்கூடை. மரியாதையாக அனுப்ப வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கன்னிவாடியிலிருந்து, முன்பே புக் பண்ணியிருந்த ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ரூம் இல்லை. யாராவது சீக்கிரம் காலி செய்தால் கொடுத்துவிடலாம், பாக்கலாம், டீ கொடுத்து உட்கார வை என்றார் சார். கொடுத்தேன். இரண்டாவது டீயும் கொடுத்தேன். ரூம் காலியாகவில்லை. கடைசியில் அவர்களை வாக் பண்ணத்தான் வேண்டியிருந்தது.

அந்த மனிதர் கத்தவில்லை. “வந்தவொடனே இல்லன்னு சொல்லியிருந்தா நாங்க வெரசா வேற எடம் பாத்திருப்போம்லம்மா. டீயக் குடுத்து உக்கார வெச்சுப்புட்டீங்களே” என்றார். பழக்கூடையை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் மாக் எழுதும்போது அவர் குரல் காதிலேயே இருந்தது. ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவப் போனவள், கையை எடுத்துவிட்டேன். நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான்! கணக்குகளுக்கெல்லாம் டீ கொடுத்து லாபியில் உட்கார வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து கேள்வியைப் படித்ததும் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன்: உனக்கு என்னிடம் ரூம் இருக்கிறதா? இல்லையென்றால் அப்போதே வாக். ஸ்கோர் மெல்ல ஏறியது. பயம் மட்டும் குறையவில்லை. விட்டதெல்லாம் சுலபமானதாக இருந்திருந்தால்?

4. தேர்வுக்கு முந்தைய நாள்

அன்று காலை ஷிப்ட்டுக்கே பையோடு வந்துவிட்டேன். மழை. ஹோட்டல் ஃபுல். வீட்டுக்குப் போயிருந்த ரெஜினா வந்து என்னை விடுவிக்க வேண்டும். வத்தலக்குண்டு ரோட்டில் மரம் விழுந்து, அவள் வந்த பஸ் கீழேயே நிற்கிறது என்று போன் வந்தது. சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் இரு, பாக்கலாம் என்றார் சார். இருந்தேன். செக்-இன் கூட்டம் வந்தது, போனது. மறுபடி கேட்டேன். மறுபடியும் பாக்கலாம். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கெஸ்ட்டின் ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ரூம் என்று மூன்று முறை அவரிடமே கேட்டேன்.

அப்போது கேன்டீனிலிருந்து எனக்கு ஒரு டீ வந்தது. சார் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அந்த டீயைப் பார்த்ததும் கன்னிவாடிக்காரர் ஞாபகம் வந்தது. கப்பை எடுத்துக்கொண்டு நேரே அவர் கேபினுக்குப் போய் மேஜை மேல் வைத்தேன்.

“சார், என்னயும் லாபியில உக்கார வெச்சுட்டீங்க. லீவு உண்டா இல்லையான்னு இப்பவே சொல்லிருங்க சார். இல்லன்னா என் வழிய நான் பாத்துக்கிறேன்.”

நான்கு வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. என் வழி எது என்று எனக்கே தெரியாது. அவர் டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கவுண்டருக்குள் போய் நின்றார்.

“பழனி ரோடு தெறந்துதான் கெடக்கு. வெரசாக் கெளம்பும்மா.”

வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு பழனிக்கு இறங்கினேன். மதுரை பஸ்ஸில் முருகனைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம், உட்கார இடமில்லை. பக்கத்து அம்மாவின் பஞ்சாமிர்தப் பை என் ஹால் டிக்கெட் ஃபைல் மேல் சாய்ந்துகொண்டே வந்தது. நெய்க்கறை பட்டால் உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே திண்டுக்கல்வரை நின்றேன். அப்புறம்தான் அந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்து, பாதி சீட் கொடுத்தார்.

மறுநாள் தேர்வில் நான் தொட்டதைவிட விட்டதே அதிகம். ஹாலை விட்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ரொம்பவும் விட்டுவிட்டேனோ என்ற பயம் ரிசல்ட் வரும்வரை போகவில்லை.

5. பழக்கூடை

கிடைத்தது. பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிகிற காலேஜ் இல்லை. எனக்குப் போதுமான காலேஜ். ராஜினாமாவை நீட்டியபோது சேவியர் சார் பாக்கலாம் என்று சொல்லவில்லை. உடனே கையெழுத்துப் போட்டார்.

கடைசி நாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கலாம் என்று வெளியே வந்தால், போர்ட்டிகோவில் ஹோட்டல் கார் நிற்கிறது. பின் சீட்டில் பழக்கூடை. எதற்கு சார் இதெல்லாம் என்றேன்.

“வாக் பண்ற கெஸ்ட்ட நாம பஸ்ல அனுப்புறதில்லயேம்மா. ஒனக்குக் குடுக்க இங்க எங்கிட்ட ரூம் இல்ல. அத நான் எப்பவோ சொல்லியிருக்கணும்.”

அந்தக் கூடையை நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் வேறு ஹோட்டலில் மேனேஜர். பரீட்சைக்கு லீவு வேண்டும் என்று யாராவது வந்தால் அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். சில நேரம் ‘இல்லை’ என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. முகம் சுண்டிப்போய்த் திரும்புகிறார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் டீ சொல்லி அனுப்புவதில்லை.