காருக்குப் போட்ட கலப்பத்து

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த சமயம் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதனால் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் உப்பளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் வருகிறவர்களை ஊருக்குள் கூட்டிப் போய்வர வாடகைக் கார் போதவில்லை, சொந்தமாக ஒரு பழைய கார் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஆசை. நான் தையல் மிஷின் மிதித்துச் சேர்த்தது, என் வளையல்கள், அவர் கையில் இருந்தது எல்லாவற்றையும் போட்டு ஒரு கறுப்புக் காரை வாங்கினோம். லாரி வேலையையும் விட்டுவிட்டார். இனி அந்தக் கார் ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

விற்றவர் வேறு யாருமில்லை, எங்கள் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது கோவிலில் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்று அவருக்குச் சொந்தமாக இருந்தது. எங்கள் கடற்கரையில் இந்த உறவு பெரிய உறவு. கூடப்பிறந்தவனிடம்கூடச் சண்டை போடலாம், பிள்ளையின் ஞானத்தகப்பனிடம் குரலை உயர்த்தக்கூடாது.

என் கணவர் பாதி ஆயுளை லாரிக்கு அடியில் படுத்தே கழித்தவர். அப்படிப்பட்டவர் இந்தக் காரை வாங்கும்போது குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், "ஏளா, அண்ணாச்சி கண்ணு முன்னாலயே காருக்கு அடியில படுத்துப் பாத்தா, அவர நம்பலன்னுல ஆயிரும்?" என்றார். காருக்குள் சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை வேறு அடித்தது. பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்துக் கொடுத்திருக்கிறார் போல, நல்ல மனுஷர் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

வாங்கிய புதிதில் கீழவைப்பாரில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. உப்பளத்து ஓரமாகப் போகிற பாதையில் அங்கங்கே தண்ணீர் கிடந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மகள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வேடிக்கை பார்த்து வந்தாள். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சடக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற பிள்ளை திடீரென்று குள்ளமாகிப் போனாள்.

அவளுடைய ஒரு கால் காரின் தரையைப் பொத்துக்கொண்டு கீழே தொங்கியது. நான் போட்ட கூச்சலில் அவர் பிரேக்கை மிதித்தார். அவளை வாரித் தூக்கினேன். செருப்பு ரோட்டில் கிடந்தது. கெண்டைக்கால் நெடுக ரத்தம். பின் சக்கரம் அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே உருண்டிருக்கிறது.

ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். தகரத்தை உப்பு தின்று அப்பளமாக்கியிருந்தது. மீன் கூடைகளை ஏற்றி இறக்கிய கார் என்று பிறகுதான் தெரிந்தது. ஓட்டைகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, மேலே தாரைப் பூசியிருந்தார்கள். தோணிப் பலகைகளுக்கு நடுவே தண்ணீர் புகாமல் இப்படித்தான் அடைப்பார்கள். கலப்பத்து என்போம். காருக்குக் கலப்பத்துப் போட்டவரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பக்தியோடு முகர்ந்தது அந்தக் குங்கிலியத்தைத்தான்.

என் கணவர் போய்க் கேட்டார். "பழைய காருன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். ஓடலன்னா வந்து சொல்லு" என்று பதில் வந்தது. இவரும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து, ஒரு தகரத்தை வைத்து வெல்டிங் பண்ணிவிடலாம் என்கிறார்! எனக்கு முட்டிக்கொள்ளச் சுவர்தான் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஞானத்தகப்பனோடு வம்பு எதற்கு என்று புத்தி சொன்னார்கள். பிள்ளையின் காலை ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் வீட்டில் ஒரு வக்கீல் இருந்தார். அவரிடம் போய்க் கொட்டினேன். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. விற்றவர் சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால், பார்த்து வாங்கியிருக்க வேண்டியது நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பில் வாதாடுவார்கள். ஆனால் துரு தானாக வரும், பஞ்சும் தாரும் தானாக வராது. குறையை மறைக்க வேலை செய்திருந்தால் அது ஏமாற்று, வாங்கினவர் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. "ரிப்பேர் மட்டும் பண்ணிராதீங்கம்மா. அப்படியே இருக்கட்டும்" என்றார். ஆனால் கேஸ் போட்டால் முடிய வருஷக்கணக்காகும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் நாங்கள் எதைச் சாப்பிடுவது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காரை அந்த ஞானத்தகப்பன் வீட்டு வாசலுக்கு ஓட்டிவரும்படி என் கணவரிடம் சொன்னேன். நானும் மகளும் நடந்து போனோம். தெருவில் நல்ல கூட்டம்.

"அண்ணாச்சி, பழைய காருன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்னு சொன்னீயளாமே? பின்னால ஏறி நம்ம பிள்ளயப் பக்கத்துல நிப்பாட்டிக்கிடுங்க. கீழவைப்பார் வரைக்கும் போயிட்டு வருவோம். அப்புறம் நான் வாயே தொறக்கல" என்றேன்.

அதற்கென்ன என்று அவர் வீம்பாகக் கதவைத் திறந்தார். பெரியவர்கள் சண்டை பிள்ளைக்கு என்ன தெரியும்? கார் சவாரி என்றதும் அவரைத் தாண்டி உள்ளே காலை வைத்தாள். அவர் பதறிப்போய் அவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பிள்ள வேண்டாம்ளா! நான் மட்டும் வாரேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. அவர் பிள்ளையின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். வக்கீல் சொன்ன சட்டத்தையெல்லாம் நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். பணம் இழுத்து இழுத்து வந்தாலும் முழுசாக வந்து சேர்ந்தது.

இதிலும் ஒரு கொடுமை பாருங்கள். தானாக மனமிரங்கித் திருப்பி எடுத்துக்கொண்டதாக அவர் ஊரெல்லாம் சொன்னார். என் கணவரும், "அண்ணாச்சிக்குப் பெரிய மனசு" என்று ஆமாம் போட்டார்! அடுத்த காரை வாங்கப் போனபோது நானே கையோடு ஒரு சாக்கைக் கொண்டுபோய் அதற்கு அடியில் விரித்து, படுத்துப் பார்க்கச் சொன்னேன்.

துரு கடல்காற்றின் வேலை, அதற்காக நான் யாரையும் நொந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த ஓட்டையைப் பஞ்சு வைத்து மூடச் சொன்ன மனுஷரும், பிள்ளை அதில் கால் வைத்ததும் பதறி அள்ளிய மனுஷரும் ஒருத்தர்தான் என்பது இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவே இல்லை.